அம்மாவின் நம்பரில் மகளின் முகம்

வாயைப் பிளப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அப்பா சொல்வார். சிவகாசியில் எங்களுக்கு ஒரு ஆப்செட் அச்சகம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மெஷின்தான். ஆனாலும் வெள்ளைத் தாளாக உள்ளே போனது நாலு வண்ணத்தில் முருகனாக வெளியே வரும்போது, இன்றைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். “வாய்க்குள்ள ஈ போயிரும், மூடு” என்பார் அப்பா. அந்தக் குணத்தோடுதான் கல்லூரிக்கும் போனேன். மூன்றாம் ஆண்டில், வாயை மூடவே வழியில்லாத ஒரு காரியத்தில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டவள் என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குக் கரிசல் காடு கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவள் அப்பா காட்டைப் பார்த்துக்கொண்டார். அம்மா தினமும் காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போய்ச் சரவெடி பின்னினார். நான் ஓயாமல் பேசுகிறவள், அவள் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவள். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். அவளிடம் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை.

“எங்கம்மாவ அந்த வேன்லருந்து எறக்கணும் புள்ள.”

எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். சிலபஸ் பற்றிப் பேசினாலும், சினிமா பற்றிப் பேசினாலும் வேன்தான்.

யோசனை அவளுடையது. கடைசி வருட மாணவிகள் போகிறபோது படம் வரைகிற டிராஃப்டர், லேப் கோட்டு, கால்குலேட்டர் எல்லாவற்றையும் விடுதியில் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் கழித்து முதல் வருடத்துப் பிள்ளைகள் அதே சாமானைத் தேடிக் கடைக்கு ஓடுவார்கள். இன்னொரு பக்கம், காலண்டர் சீசன் வந்தால் தாள் அடுக்கவும் காலண்டர் தலைப்பில் தகரப் பட்டை அடிக்கவும் ஆள் கிடைக்காமல் என் அப்பா மாதிரி ஆட்கள் ஊர் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டும். பட்டாசுக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போட ஆள் வேண்டும். எங்கள் வகுப்பிலோ பாதிப் பேர் சாயங்காலம் ஏதாவது வேலை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எல்லாமே இங்கனதான் இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் தெரியல, அம்புட்டுதான்” என்றாள். இவ்வளவு பெரிய ஊரை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் எப்படி அடக்கினாள் என்று நான் ஈ போகிற அளவுக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் லேப்டாப்பில், எங்கள் அச்சகத்தின் பின்னறையில், மை வாடைக்கு நடுவே அவள் செயலியை எழுதினாள். நான் ஆள் பிடித்தேன். கடை கடையாகப் போய்ப் பேசுவது எனக்குக் கரும்பு தின்பது மாதிரி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள்: வெடி வேலை எதுவும் இதில் வரக்கூடாது. “பேக்கிங் கூடவா?” என்று கேட்டேன். “பேக்கிங் கூடத்தான்” என்றாள்.

திறப்பு விழாவை ஒரு திங்கட்கிழமை காலையில் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் வைத்தோம். எங்கள் கல்லூரியில் மாணவிகள் செல்போன் கொண்டுவரக் கூடாது. துறைத் தலைவி மேடம் பெரிய மனது வைத்து, பதிவை மட்டும் லேபிலேயே செய்துகொள்ள விட்டார். பிள்ளைகள் வராண்டா வரைக்கும் வரிசை கட்டினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும், பெயர், ஊர், கல்லூரி எண், போன் நம்பர் கொடுக்க வேண்டும். அந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் போகும். பத்து நிமிடத்துக்குள் அதைத் திரையில் அடித்தால் பதிவு முடிந்தது.

முடியவே இல்லை. ஒரு பிள்ளைக்குக்கூட ரகசிய எண் வரவில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் கம்பெனிக்குத் துறை அலுவலகப் போனிலிருந்து கூப்பிட்டுக் கத்தினேன். எல்லாச் செய்தியும் போய்விட்டது என்று அந்த ஆள் சத்தியம் செய்தார். போனால் எங்கே போயிற்று என்று நான் மல்லுக்கு நின்றுகொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்.

“போன வையி புள்ள. அம்மா போனு கம்பெனி வாட்ச்மேன் ரூம்ல இருக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக ஒவ்வொரு வீட்டிலும் எப்படியோ ஒரு ஸ்மார்ட்போன் வாங்கியிருந்தார்கள். கல்லூரி திறந்ததும், இங்கே போன் கூடாது என்பதால் அது அம்மா கைக்குப் போய்விட்டது. வீட்டு நம்பர் என்றால் அம்மா நம்பர். எங்களிடம் பதிந்தவர்களில் பெரும்பாலோரின் அம்மாக்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகவே கூடாது. வெடிமருந்து இருக்கிற இடம். காலையில் வாசலில் அணைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வேன் ஏறும்போதுதான் திரும்ப வாங்குவார்கள். ஆக, போன் கூடாத கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு, போன் கூடாத கம்பெனியில் இருப்பவர்களிடம், பத்து நிமிடத்தில் பதில் சொல் என்று கேட்டிருக்கிறோம். பட்டாசு ஊரில் பிறந்த நானும் யோசிக்கவில்லை, அந்த வேனைத் தவிர வேறு நினைப்பே இல்லாத அவளும் யோசிக்கவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேடம் கூடச் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வேன்களில் நடந்ததை அவள் அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். போனைப் போட்டதும் எல்லோருக்கும் ‘இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று செய்தி வந்திருக்கிறது. பேங்க் திருடன் என்று ஒருவர் கத்த, எனக்கும் வந்திருக்கு, எனக்கும் வந்திருக்கு என்று வேன் முழுக்கக் கூச்சல். டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம்.

மறுநாளே அவள் அதை மாற்றினாள். ரகசிய எண் வேண்டாம். மகள் பகலில் லேபில் பதிவாள், அம்மா சாயங்காலம் போனைக் கையில் வாங்கியதும் எங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். எங்கள் பக்கத்தில் மிஸ்டு கால் கொடுக்கத் தெரியாத அம்மா கிடையாது.

அன்று சாயங்காலத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அச்சகத்தின் பின்னறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணி வரைக்கும் திரை சும்மா கிடந்தது. பிறகு ஒரு மிஸ்டு கால். ஏழாயிரம்பண்ணை. அடுத்தது அதே ஊர். அடுத்ததும் அதே ஊர். ஒரு வேன் வாசலைத் தாண்டிவிட்டது என்று புரிந்தது. அது ஓய்வதற்குள் சாத்தூர்ப் பக்கத்து ஊர்கள் வரத் தொடங்கின. அப்புறம் ஆலங்குளம் ரோட்டுக் கிராமங்கள். எந்தக் கம்பெனி எப்போது விடுகிறது, எந்த வேன் எந்த வழியாகப் போகிறது என்று ஊர்ப் பெயர்களே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தன. வெயிலில் காய்ந்து கிடக்கிற எங்கள் பூமி, சாயங்காலமானால் இத்தனை பெண்களை இப்படி வீடு திருப்பி அனுப்புகிறதா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்பா வந்து எட்டிப் பார்த்தார். வாயை மூடு என்று சொல்லவில்லை. அவரும் நின்று பார்த்தார்.

அவள் ஒவ்வொரு ஊர்ப் பெயராகப் படித்துக்கொண்டே வந்து, தன் ஊரில் நின்றாள். அவள் அம்மாவும் மிஸ்டு கால் கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு செயலி தானாக ஓடத் தொடங்கியது. மகள்கள் ராத்திரி அம்மாவின் போனில் அதை இறக்கிக் கொடுத்தார்கள். அம்மாக்கள் வேனில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன வேலை வந்திருக்கிறது என்று சத்தமாக வாசித்தார்கள். டிராஃப்டர்கள் கை மாறின. ஃபேர்வெல் பட்டுச் சேலை ஒன்று மூன்று வகுப்புகளைச் சுற்றி வந்தது. அப்பாவின் அச்சகத்துக்குக் காலண்டர் தாள் அடுக்க ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். வேலை கொடுக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவள் இன்னொன்றும் சேர்த்திருந்தாள்: பதிந்த போன் இணையத்தில் இருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும், இல்லாவிட்டால் சாம்பல் புள்ளி. முகம் மகளுடையது, போன் அம்மாவுடையது என்பதால், பகல் முழுக்க அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் சாம்பலாகத்தான் இருப்பார்கள். அது எங்களுக்கு ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது.

ஆனால் அவள் நினைத்தது மட்டும் நடக்கவில்லை. செயலி ஓடுகிறது, இனி வேனிலிருந்து இறங்கு என்று அவள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோதும் சொன்னாள். அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த அலுமினியப் பவுடரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, “எறங்கி?” என்று ஒரே வார்த்தை கேட்டார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே கேட்டார். இருபது வயதிலிருந்து அந்த வேன்தான். அதிலிருந்து இறங்கினால் எங்கே போய் நிற்பது? வாயாடி என்று பெயரெடுத்த நான், தட்டில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஆர்டரை முடிக்க ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி முடிந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு முழுக்க ஒரே கேள்விதான் எழுந்தது: எந்தப் பக்கம்?

கொஞ்ச நேரத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கமாம் என்று யாரோ சொன்னார்கள். எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. பிள்ளைகள் துறை அலுவலகத்துக்கு ஓடினார்கள். மேடம் தன் போனையே எடுத்துக் கொடுத்தார். எந்த நம்பருக்கு அடித்தாலும் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றுதான் வந்தது. அணைத்துத்தானே இருக்கும். உயிரோடு இருக்கிற அம்மாவின் போனும் அந்த நேரத்தில் வாட்ச்மேன் அறையில் அணைந்துதான் இருக்கும். அதுதான் கொடுமை. ஒரு பிள்ளை சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

என் தோழி லேபுக்கு நடந்தாள். ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, எங்கள் செயலியில் எல்லா முகங்களும் தெரிகிற பக்கத்தைத் திறந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கம்பெனிகள் இந்நேரம் வேலையை நிறுத்தியிருப்பார்கள். ஆட்களை வெளியே அனுப்புவார்கள். வாசலில் போனைக் கொடுப்பார்கள். போனைப் போட்டால் புள்ளி பச்சையாகும்.

திரை முழுக்கச் சிரித்த முகங்கள். திங்கட்கிழமைக் காலையில் கேமராவைப் பார்த்துச் சிரித்த முகங்கள். அநேகமாக எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சாம்பல் புள்ளி. அந்த முகங்களின் சொந்தக்காரிகள் அவள் நாற்காலிக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்கள். மேடமும் நின்றார்.

முதல் பச்சை வந்தது.

“ஏ, நான் வந்துட்டேன்!” என்று ஒரு பிள்ளை அலறினாள். ‘அம்மா வந்துவிட்டாள்’ என்று சொல்லவில்லை. திரையில் தெரிந்தது அவள் முகம்தான். மேடம் உடனே அந்த நம்பருக்கு அடித்துப் போனை அவள் காதில் வைத்தார். அடுத்து ஒரு முகம். “நான் வந்துட்டேன்.” பிறகு இரண்டு, மூன்று. ஒரே வேன் போலிருக்கிறது, ஒரே ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்தாற்போல் பச்சையானார்கள். ஒவ்வொருத்தியும் திரையில் தன் முகத்தைக் கண்டுபிடித்து, விரலால் தொட்டு, அதையே சொல்லிவிட்டு அழுதாள். தன் முகத்தைப் பார்த்துத் தன் அம்மா உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொள்கிற பிள்ளைகளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் அம்மா பத்திரமாக வீட்டில் இருந்தார், எனக்கு அழ உரிமையில்லை என்று நினைத்தேன். ஆனாலும் அழுதேன்.

என் தோழி அழவில்லை. யார் பெயரைச் சொன்னாலும் தேடிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பொறு, வரும். உங்க ஊரு வேன் இன்னும் கெளம்பல. பொறு. வாழ்நாளில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசிய அளவு வராது. தன் முகம் இருக்கிற இடத்துக்கு மட்டும் அவள் திரையை நகர்த்தவே இல்லை. எனக்கு அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் மனசில் இருந்த உறுதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

லேபில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கொஞ்சம் பேர்தான் நின்றோம். நான் கையை நீட்டி மவுசை வாங்கி, திரையை மெதுவாக அவள் முகம் இருக்கிற இடத்துக்குத் தள்ளினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாம்பல். அப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கண்ணைத் திறக்கவில்லை, நான் கண்ணை எடுக்கவில்லை.

புள்ளி பச்சையானது.

அவள் கன்னத்தைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினேன். கண்ணைத் திறந்து, சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். “நான் வந்துட்டேன் புள்ள” என்று காற்றைப் போலச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்று எங்களிடம் பதிந்திருந்த எல்லா முகங்களும் பொழுது சாய்வதற்குள் பச்சையாகிவிட்டன. ஆனால் எங்களிடம் பதியாத வீடுகளும் இருந்தன. அவற்றில் சில வீடுகளுக்கு, காலையில் வேன் ஏறியவர்கள் திரும்பவில்லை. அதைச் சொல்லாமல் இதைச் சந்தோஷக் கதையாகச் சொல்லிவிட முடியாது.

அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். வேனிலிருந்து இறங்கி வந்த கோலத்திலேயே இருந்தார். விரலெல்லாம் அலுமினியப் பவுடர். இவள் ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை நாளாக அதையே சொல்லிச் சொல்லிச் சலித்துப் போயிருந்தாளோ, அல்லது அன்றைக்குச் சொன்னால் அழுகைதான் வரும் என்று பயந்தாளோ, தெரியவில்லை.

“சத்தம் பக்கத்துக் கம்பெனியில” என்றார் அம்மா. “எங்க ரூம்பு ஓடெல்லாம் சரிஞ்சு போச்சு. ஓடுங்கன்னாக, ஓடுனோம். கேட்டுல கூட்டம். போன வாங்கிப் போடக் கையே வரல தாயி.” என்னைப் பார்த்து, “உள்ள வந்து உக்காருங்க தாயி, ஏன் நிக்கீக?” என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும், போனை மகளிடம் நீட்டினார்.

“இதுல ஒம் மூஞ்சி இருக்கிற எடத்துல எம் மூஞ்சியப் போட முடியுமா?”

இவள் விழித்தாள். “அது காலேஜ்ல படிக்கிறவகளுக்கும்மா. காலேஜ் நம்பர் கேக்கும்.”

“கேக்குறத எடுத்து விடு. நீதான செஞ்ச?”

நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் மடியில் வைத்துத் திறந்து, கல்லூரி எண்ணைக் கேட்கிற அந்த வரியைத் தேடி அழித்தாள். அதற்குள் அம்மா கைகளைக் கழுவி, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்து எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் விறைப்பாக இருந்தார். “சிரிங்கத்தே” என்றேன். சிரிக்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் இளகியது. அந்த முகத்தையே எடுத்தோம்.

பெயர் கேட்டது. ஊர் கேட்டது. தெரிந்த வேலை கேட்டது. தையல், சமையல், தாள் அடுக்குறது எல்லாம் பழகிக்கிடுவேன் என்றார். கடைசிக் கேள்விதான் எந்த நேரத்தில் வேலைக்கு வர முடியும் என்பது.

“சாயங்காலம்னு போட்டுரவாம்மா?” என்று இவள் கேட்டாள். வேன் வந்து சேர்ந்த பிறகுதானே என்ற நினைப்பில், விரலையும் அங்கே கொண்டுபோய்விட்டாள்.

“காலையிலருந்துன்னு போடு.”

இவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையில் இருந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலைல வேன் வருமேம்மா.”

“வந்தா வரட்டும். நீ போடு.”

போடுவதற்கு அங்கே இடமே இல்லை. பகலெல்லாம் வகுப்பில் இருக்கிறவர்களுக்காகச் செய்தது. சாயங்காலம், ஞாயிறு, விடுமுறை என்று மூன்றுதான் இருந்தன. என் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள். அந்த மூன்றுக்கும் மேலே ஒரு புது வரியைச் சேர்த்து, ‘காலை’ என்று அடித்தாள்.